கடைசியில் நடந்தவர்

மலைப் பாதையில் எங்கள் வீட்டு வரிசை ஒருநாளும் மாறியதில்லை. முதலில் அம்மா. அவளுக்குப் பின்னால் தம்பி, அப்புறம் தங்கை, அப்புறம் நான். அப்பா கடைசி.

வழி தெரிந்தவர்தானே முன்னால் போக வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "உங்கம்மாதான் மெதுவா நடப்பா. அவ முன்னால போனா யாருக்கும் மூச்சு வாங்காது. நான் பின்னால நின்னாத்தான் எல்லார் தலையும் எனக்குத் தெரியும்" என்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. யாராவது பாறைக்குப் பின்னால் மறைந்துவிட்டால் நாக்கை மடித்து ஒரு சீட்டி. நாங்கள் அப்படியே நிற்க வேண்டும். யானைக் காட்டுக்குள் போகும்போது மட்டும் வரிசைக்கு முன்னால் இந்த மலையின் பழங்குடியான காணிக்காரர் ஒருவர் நடப்பார். அப்போதும் அப்பாவின் இடம் கடைசிதான்.

அப்பா போய் வருஷங்கள் ஆகின்றன. அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். மில் ஆட்கள், "அந்த ஆளு மலைப்பைத்தியம்லா" என்பார்கள். சொந்தக்காரர்கள், "பொண்டாட்டி பிள்ளைய விட்டு ஒரு ராத்திரி தங்க மாட்டான்" என்பார்கள். ஒரே மனிதரைப் பற்றித்தான் இரண்டும். எனக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்துக்குக் கொஞ்சம் கீழே, பொதிகை மலையின் காலடி. 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை கட்டியதற்குக் காரணமே மலையிலிருந்து விழுந்து வரும் தாமிரபரணித் தண்ணீரின் விசைதான். அப்புறம் மின்சாரம் வந்தது, பெயர்கள் மாறின, ஆனாலும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது ஹார்வி மில்தான். அப்பா ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டு, சங்குச் சத்தத்துக்குத் தூங்கிய வாழ்க்கை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், கிழவனாரைப் போல இருப்பார். அப்படியே வாசலில் உட்கார்ந்து மேற்கே பார்ப்பார். மழைக்காலத்துக் காலையில் மலைமேல் மேகம் இறங்குவதை எங்கள் வாசலிலிருந்தே பார்க்கலாம். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் காபி.

பேப்பரை எடுத்தால் முதலில் அணைகளின் நீர்மட்டம். காரையாறு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இது முழுக் கொள்ளளவுக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கற்பதற்கு முன்னால் எங்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம். "காரையாறு நூத்தி இருபது" என்று அப்பா சொன்னால், இன்னும் இருபத்து மூன்று அடி பாக்கி என்று தங்கை உடனே சொல்லிவிடுவாள். நாங்கள் கழித்தல் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

வாரம் ஒருநாள் கிடைக்கும் விடுமுறையில் அவர் வெளியே கிளம்பாமல் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. தனியாகப் போகிற நாட்களில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். அடுக்களையில் அடுப்புக்கு மேலே புகை படிந்த சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டுத்தான் போவார். "மணிமுத்தாறு அருவி, மணி 5." அவ்வளவுதான். போகும் இடம், திரும்பும் நேரம். ஐந்து மணி என்றால் நாலே முக்காலுக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கும். வந்ததும் அம்மா ஈரத்துணியால் அதைத் துடைப்பாள். அம்மாவுக்கு மலை என்றால் பயம், கடைசிவரை பயம் போகவில்லை. "பயப்படாதே" என்று அப்பா அவளிடம் சொல்லி நான் கேட்டதே கிடையாது. பயப்படுகிறவளுக்கு நேரத்தோடு வந்து நிற்பதுதான் பதில் என்று நினைத்தார் போல.

எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற நாட்கள் வேறு மாதிரி. அம்மா விடியும் முன்னே எழுந்து புளியோதரையும் எள்ளுத் துவையலும் கட்டுவாள். ஆற்றங்கரை மருத மரத்து நிழலில் அப்பா தூண்டில் போடுவார். தூண்டில் கம்பு மூங்கில், தக்கை ஆமணக்குத் தட்டை, இரை எங்கள் வீட்டு வாழைமூட்டு மண்புழு. கெண்டை விழும், கெளுத்தி விழும். கெளுத்தியின் முள்ளில் கை படாமல் கழற்ற எனக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார், தம்பிக்கு அதற்கப்புறம்தான். மூத்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளட்டும் என்பார். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அத்தை கேட்டபோது, "முள்ளு ஆம்பளை கையின்னு பார்த்துக் குத்தாதுல்லா" என்றார்.

வயிற்றில் முட்டை இருக்கிற மீன் வந்தால் திரும்ப விட்டுவிடுவார். விரல் நீளம்கூட இல்லாததையும் விட்டுவிடுவார். ஐந்து பேருக்கு ஒருவேளைக் குழம்புக்கு ஆனதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவார். இன்னும் விழுந்துகொண்டே இருக்கும்போது சுருட்டுவாரே என்று எங்களுக்கு ஆத்திரமாக வரும்.

கோடையின் கடைசியில் நாவல் பழுக்கும். மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வருவார். பை கொண்டு போகலாமே என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாள், அவரும் சரி சரி என்பார். அவருடைய வேட்டிகள் எல்லாவற்றிலும் இடுப்புக்குக் கீழே ஒரு ஊதாக் கறை. அம்மா எலுமிச்சை தேய்த்துப் பார்ப்பாள், வெயிலில் போட்டுப் பார்ப்பாள். போகாது.

அப்பாவைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். வாலிபத்தில் அவர் வேட்டைக்குப் போனவர். அவருடைய தாய்மாமாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மிளா, காட்டுப்பன்றி, எது கிடைத்தாலும். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அப்பாவுக்கு 24 வயது. மாமா துப்பாக்கியைத் தலைமுழுகினார், இவரும் நிறுத்தினார். இரக்கம் வந்து விட்டேன், மிளாவின் கண்ணைப் பார்த்து மனம் மாறினேன் என்றெல்லாம் அவர் கதை சொன்னதில்லை. "சட்டம் வந்துச்சு, விட்டோம். அதுக்கப்புறம் சும்மா போய் உட்கார்ந்தேன். அப்பத்தான் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது" என்பார். தெரிய ஆரம்பித்தவை என்றால் கருமந்திக் கூட்டத்தில் எது காவல் நிற்கிறது, எந்த மரம் காய்த்தால் இருவாச்சி வரும், விடியலில் ஓடைக்குள் மனிதன் மாதிரியே சீட்டியடிக்கிற கறுநீலப் பறவை எந்தப் பாறையிடுக்கில் கூடு கட்டும், இவையெல்லாம். அவர் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பறவைகளின் புத்தகப் பெயர்கள் அவருக்குத் தெரியாது. தெரியாததற்கு அவரே பெயர் வைத்துக்கொள்வார். அந்தச் சீட்டிக்காரனுக்கு "ராத்திரி ஷிப்ட்" என்று பெயர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவன் இப்படித்தான் சீட்டியடிப்பான் என்பார்.

முண்டந்துறை 1962இலேயே சரணாலயம் ஆகிவிட்டது. களக்காடு 1976இல் ஆனது. 1988இல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதற்கப்புறம் ஒவ்வொரு பாதையாக அடைபட்டது. அப்பா சிறுவயதிலிருந்து நடந்த பாதைகள் அவை. ஊரில் பலருக்கு அதில் கோபம் இருந்தது. அவருக்கு வருத்தம் இருந்தது, கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "நான் ஒருத்தன் நடந்தா காட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நான் ஒருத்தன்தானா நடப்பேன்?" என்று கேட்பார். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நின்று வண்டிகள் மேலே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வந்த அவரை நான் பார்த்திருக்கிறேன். அன்று நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

வருஷத்தில் ஒருமுறை மட்டும் மொத்தக் குடும்பமும் காட்டுக்குள் ராத்திரி தங்கும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில். இப்போது தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டார்கள். அப்போதெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் குடில் கட்டித் தங்குவோம். நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்தால் வீடு. பக்கத்துக் குடில் அத்தை, அடுத்த குடில் சித்தி. ஆற்றுத் தண்ணீரில்தான் சோறு பொங்கும், அந்தச் சோற்றுக்கு ஒரு தனி வாசம் உண்டு. ராத்திரி சங்கிலி பூதத்தார் சன்னதியில் சங்கிலியால் மார்பில் அடித்துக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்த்து நான் அம்மா முந்தானைக்குள் ஒளிந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அங்கே பிடித்த சாமி பட்டவராயன். அவருக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. சன்னதியில் தொங்கும் செருப்புகளைப் பார்த்தால் புதிதாகக் கட்டியவைகூடத் தேய்ந்து மண் ஒட்டியிருக்கும், ராத்திரி பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. அப்பா பெரிய பக்திமான் இல்லை. மற்ற சன்னதிகளில் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இங்கே மட்டும் நின்று ஒவ்வொரு செருப்பின் அடியையும் பார்ப்பார். குதிகால் பக்கம் தேய்ந்திருந்தால் "இறக்கத்துல போயிருக்காரு", முன்பக்கம் தேய்ந்திருந்தால் "ஏத்தம்". எங்களுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும். அவர் முகத்தில் விளையாட்டு இருக்காது. தன்னைப் போல நடக்கிற ஒருவரின் செருப்பைப் பார்க்கிற மரியாதை இருக்கும்.

ஒரே ஒருமுறைதான் அவர் சுவரில் எழுதிய நேரத்துக்கு வரவில்லை. 1992 நவம்பர் 13. அந்த நாளைச் சொன்னால் தாமிரபரணிக் கரையில் எந்த வீட்டிலும் ஒரு கதை இருக்கும். மலையில் பேய்மழை, அணைகள் நிரம்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் தெரு மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. அத்தை வீடு ஆற்றங்கரைத் தெருவில். "அக்கா வீடு, மணி 8" என்று எழுதிவிட்டு அப்பா போனார். எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. மின்சாரம் இல்லை. ஆற்றின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்டது, மில் ஓடுகிற மாதிரி ஒரே சீராக. அம்மா அரிக்கேன் விளக்கை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

பதினொரு மணிக்கு மேல் வந்தார்கள். அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் கிழவி, ஒரு ஆட்டுக்குட்டி. எல்லாரும் உள்ளே நுழைந்த பிறகும் அப்பாவைக் காணவில்லை. அம்மா வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் நின்று அவர் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் யாராவது வருகிறார்களா என்று. அப்புறம்தான் திரும்பி வந்தார். அம்மா எதுவும் பேசவில்லை. சுவரில் எட்டை அழித்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

பொதிகை உச்சிக்கு அப்பா 1979இல் போனார். காரையாற்றில் படகேறி, பாணதீர்த்தம் தாண்டி, இஞ்சிக்குழி வழியாக மில் நண்பர்களோடும் ஒரு காணிக்கார வழிகாட்டியோடும். அகத்தியர் இருக்கிற மலை, 1868 மீட்டர். எனக்கு அப்போது மூன்று வயது. திரும்பி வந்து அவர் சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். "என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று வருஷா வருஷம் கேட்பேன். அந்த மலைக்குப் பெண்கள் ஏறக் கூடாது என்பார்கள். அப்பா ஏன் என்று விளக்கம் சொல்ல முயன்றதில்லை, அது சரி என்றும் சொன்னதில்லை. "இப்ப விட மாட்டாங்க தாயி" என்பார். 'இப்ப' என்ற அந்த வார்த்தையை நான் பிடித்து வைத்துக்கொண்டேன். அப்புறம் நம் பக்கத்துப் பாதையே அடைபட்டது, கேரளப் பக்கம் போனக்காடு வழி மட்டும்தான் என்றானது.

2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த மலைக்குப் பெண்களும் ஏறலாம் என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்பவர் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏறிய முதல் பெண் ஆனார். பேப்பரில் அந்தச் செய்தியை அப்பாதான் எனக்குப் போனில் படித்துக் காட்டினார். அன்று அணை நீர்மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருஷம், 2020 ஜனவரியில் நானும் தம்பியும் போனோம். அப்பாவுக்கு 71 முடிந்திருந்தது. முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, வரவில்லை. போனக்காட்டிலிருந்து முதல் நாள் அதிருமலை முகாம், இரண்டாம் நாள் உச்சி ஏறி இறங்கி மறுபடி முகாம், மூன்றாம் நாள் கீழே. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். எனக்கு 43 வயது. கை நடுங்கியது. உச்சியில் அகத்தியர் சிலைக்கு முன்னால் நின்றபோது மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பக்கம் எங்கள் ஊர் என்றுகூடத் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். சாமிக்கா அப்பாவுக்கா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

ஊருக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் தாமதமானது. பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அடுக்களைச் சுவரில் அவர் கையெழுத்து. "பிள்ளைகள், பொதிகை, மணி 6." கேஸ் அடுப்பு வந்து, சுவருக்கு வெள்ளையடித்து, எழுதுகிற பழக்கம் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாரு கடைசியில நடந்தா?"

"நான்தாம்பா."

மோர் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு அப்பா எடுத்துக்கொண்ட ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். பாபநாசத்துப் படித்துறைக்குப் பரிகாரத்துக்கு வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. துணி எங்கும் போவதில்லை. பாறையில் சிக்கும், வேரில் சுற்றும், குளிக்கிறவர்கள் காலைப் பிடிக்கும். கோயில் முன்னால் பொரி போட்டால் கூட்டமாக வரும் மீன்கள் அந்தத் துணிகளுக்கு நடுவில்தான் நீந்தும். அப்பா தொரட்டிக் கம்பு ஒன்று செய்து எடுத்துக்கொண்டு காலையில் போவார். முடிந்த மட்டும் இழுத்துக் கரையில் போடுவார். சேலை, வேட்டி, பாவாடை, குழந்தைச் சட்டை. ஆற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. துணி விடுகிறவர்களோடு சண்டை போட்டதும் இல்லை. அவர்கள் துக்கத்தில் வந்திருக்கிறார்கள், அவர்களிடம் என்ன பேசுவது என்பார். அவர்கள் போகும்வரை தள்ளி உட்கார்ந்திருப்பார். போனதும் எழுந்து கம்பை எடுப்பார். மறுநாள் போனால் அதே அளவு துணி கிடக்கும். அதற்காக அவர் போகாமல் இருந்ததில்லை.

2022 புரட்டாசியில் போய்விட்டார். பத்து நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல், மருத்துவமனை. நான் அதை விவரமாக எழுதப் போவதில்லை. கடைசிக்கு முந்தின நாள் கண்ணைத் திறந்து கட்டிலைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணினார் என்று தங்கை சொல்கிறாள். நான் அவர் காலருகே நின்றிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. தங்கை சொல்வதை நம்புகிறேன்.

அஸ்தி கரைக்க அதே படித்துறைக்குப் போனோம். சடங்கு முடிந்ததும் பெரியவர்கள் அப்பாவின் துணிகளை ஆற்றில் விடச் சொன்னார்கள். வீட்டிலிருந்தே ஒரு மஞ்சள் பையில் எடுத்து வந்திருந்தார்கள். நாலு வேட்டி, இரண்டு சட்டை, காட்டுக்குப் போகும்போது போடுகிற காக்கி அரைக்கால் சட்டை. தம்பி பையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் முழங்காலளவு நின்றான். அவனால் விடவும் முடியவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. "சாஸ்திரம்டே, விட்ரு" என்றார் பெரிய மாமா.

அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். வாழ்நாள் முழுக்க மலைக்கும் ஆற்றுக்கும் பயந்தவள். எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தம்பி கையிலிருந்து பையை வாங்கினாள்.

"இதையும் அவுகளா வந்து எடுக்கணும்?" என்றாள்.

யாரும் மறுபேச்சு பேசவில்லை. பை வீட்டுக்கு வந்தது. காக்கிச் சட்டையைத் தம்பி வைத்திருக்கிறான். வேட்டிகளில் ஒன்றைக் கிழித்து அம்மா அடுக்களையில் கைப்பிடித் துணியாக்கிக்கொண்டாள். இரண்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நாலாவது வேட்டியில் போன வருஷம் தம்பி மகளுக்குத் தூளி கட்டினோம், கூடத்து உத்தரத்தில், பழைய கொக்கியில். குழந்தை படுத்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே அந்த ஊதாக் கறை. கட்டுவதற்கு முன்னால் அம்மா இன்னொருமுறை எலுமிச்சை தேய்த்துப் பார்த்தாளாம்.